கடலூரின் சாவுகளுக்குக் காரணம் எழுதுங்கள்

2015 நவம்பர் 9 அன்று, பண்ருட்டி வட்டாரத்துப் பெரியகாட்டுப்பாளையத்தில் பத்துப் பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அது கடலோரக் கிராமம் அல்ல. பெரிய ஆற்றின் கரையில் இருக்கும் ஊரும் அல்ல. நெய்வேலிப் பக்கத்து மேட்டு நிலத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய மழை, ஓடை வழியே பாய்ந்து வந்து தலித் மக்களின் குடியிருப்பைத் துடைத்துவிட்டுப் போனது. பக்கத்து விசூரிலும் வீடுகள் நொறுங்கின. அமைச்சர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், நிவாரணத் தொகை தரப்பட்டது. கனமழை என்ற ஒற்றைக் காரணத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

அந்த ஓடை எங்கே குறுகியது, எங்கே தூர்ந்தது, அதன் குறுக்கே யார் எதைக் கட்டினார்கள், மேட்டிலிருந்து நீர் இறங்கும் பாதை எப்போது மாறியது, அந்தக் குடியிருப்பு அங்கே இருப்பது ஆபத்து என்று யாருக்காவது தெரிந்திருந்ததா? பத்து உயிர் போன இடத்தில் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இவை. பத்தாண்டுகள் ஓடிவிட்டன. கேள்விகள் அப்படியே கிடக்கின்றன.

மூன்று வாரம் கழித்து அதே பருவமழை சென்னையை மூழ்கடித்தது. சென்னைக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்தார். 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட அவரது அறிக்கை செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்ட விதத்தையும் நீர்நிலை ஆக்கிரமிப்புகளையும் அலசி, அது மனிதர் விளைவித்த பேரிடர் என்று எழுதியது. ஆனால் அந்தத் தணிக்கையின் எல்லை சென்னையும் அதன் புறநகரும்தான். முதலில் மூழ்கிய கடலூர் அந்த எல்லைக்குள் வரவில்லை. தலைநகரத்துச் சாவுக்குக் காரணம் தேடப்படும், கடலூர்ச் சாவுக்குக் காசோலை போதும் என்பதுதான் நடைமுறை என்றால், மாநிலத்தை ஆண்டவர்களும் ஆள்பவர்களும் வெட்கப்பட வேண்டும். இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

மழையை எந்த அரசும் நிறுத்த முடியாது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஐந்து ஆறுகள் இந்த ஒரே மாவட்டத்தின் வழியாகக் கடலுக்குப் போகின்றன. தமிழ்நாட்டின் வடிகால் என்று இந்த மாவட்டத்துக்காரர்களே தங்கள் மண்ணைச் சொல்வார்கள். புயல் இங்கே புதிதுமல்ல. 1749 ஏப்ரலில் கடலூரின் புனித டேவிட் கோட்டைக்கு அருகே அடித்த புயலில் நாமூர், பெம்புரோக் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நூற்றுக்கணக்கான மாலுமிகளோடு மூழ்கின. அன்று முதல் இன்று வரை இந்தக் கரைக்குப் புயல் வந்துகொண்டேதான் இருக்கிறது. வரும் என்று தெரிந்த ஒன்று ஒவ்வொரு முறை வரும்போதும் எதிர்பாராதது போலப் பேசுவதைத்தான் சகிக்க முடியவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பேரிடர் மேலாண்மைச் சட்டம், பேரிடர் என்பதை இயற்கையால் வருவது என்று மட்டும் வரையறுக்கவில்லை. மனிதரால் நேர்வது, விபத்தால் நேர்வது, அலட்சியத்தால் நேர்வது எல்லாமே அந்த வரையறைக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும், ஆபத்துக்குள்ளாகும் இடங்கள் அதில் குறிக்கப்பட வேண்டும், ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும் என்றும் அதே சட்டம் கட்டளையிடுகிறது. அலட்சியத்தையும் பேரிடரின் காரணமாகச் சட்டம் ஒப்புக்கொண்ட பிறகு, அலட்சியம் இருந்ததா இல்லையா என்று பார்க்காமலே கோப்பை மூடுவதற்கு எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது.

வெள்ளைக்காரன் காலத்தோடு இதை ஒப்பிட வேண்டிய நிலை வந்ததே என்பதுதான் வேதனை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். மழை பொய்த்தது உண்மை. அதே நேரத்தில் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியதும் உண்மை. பட்டினி கிடந்தவர்களுக்கு நிவாரண வேலையில் தரப்பட்ட கூலியைப் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்ததும் உண்மை. அந்தக் கொடுமையை இழைத்த அரசேகூட ஒரு பஞ்ச ஆணையம் அமைத்தது; ஆணையம் 1880இல் அறிக்கை கொடுத்தது; அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்பு உருவானது. மழை எப்போது பொய்த்தால் எந்த அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதி வைத்தார்கள். மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத அந்நிய அரசு செய்ததை, ஓட்டு வாங்கி ஆளும் அரசு கடலூருக்குச் செய்யக் கூடாதா?

2004 டிசம்பர் 26 அன்று வந்த அலையை யாராலும் தடுத்திருக்க முடியாது என்பதை நாம் மறுக்கவில்லை. இந்த மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, புதுக்குப்பம், சாமியார்பேட்டை, எம்.ஜி.ஆர். திட்டு என்று கரை நெடுகச் சாவு. ஆனால் அந்தச் சாவு எல்லா ஊரிலும் ஒரே அளவில் விழவில்லை. அலைக்குப் பிறகு இந்த மாவட்டக் கரையை அளந்து பார்த்த விஞ்ஞானிகள் 2005இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள்: அடர்ந்த மரங்கள் முன்னால் நின்ற இடங்களில் சேதம் வெகுவாகக் குறைந்திருந்தது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்களும் இதையே பேசினார்கள். கரை எவ்வளவு உயரம், ஊர் எவ்வளவு தூரம் என்பதற்கும் பங்கு உண்டு என்று வேறு சில ஆய்வாளர்கள் வாதிட்டது நியாயம்தான். எப்படி எடுத்துக்கொண்டாலும் முடிவு ஒன்றே. வீடு எங்கே இருந்தது, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதே சாவின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது. கடலுக்கும் குடிசைக்கும் இடையில் இருந்த சுரபுன்னைக் காட்டையும் மணல்மேட்டையும் காப்பதா அழிப்பதா என்பது கடல் எடுக்கும் முடிவல்ல. பிச்சாவரம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததைப் பெருமையோடு அறிவித்த அரசுக்கு, அதே கரையில் மற்ற ஊர்களின் முன்னால் மணல்மேடு கரைவதற்கும் பொறுப்பு உண்டு.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. காற்று செய்த வேலை அது. யார் மீதும் குற்றம் சொல்லவில்லை.

ஆனால் 2024 டிசம்பர் 2 அப்படியல்ல. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணையின் நீர்ப்பிடிப்பு முழுதும் நனைந்து கிடந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வந்து அது கடலூரின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, குண்டு உப்பலவாடி ஆகிய ஊர்களின் பெயர்களைத் தென்பெண்ணையில் நீர் வரும்போதெல்லாம் கேட்கிறோம். 2021 நவம்பரிலும் கேட்டோம்.

நள்ளிரவில் முன்னறிவிப்பு இல்லாமல் திறந்துவிட்டார்கள் என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம், படிப்படியாகத்தான் திறந்தோம் என்றது அரசு. சட்டப்பேரவையில் வாதம் நடந்தது, பிறகு அடங்கிவிட்டது. இதில் யார் சொல்வது உண்மை என்று ஆராய்வதற்கு நீண்ட விசாரணைகூட வேண்டாம். அணையின் பதிவேட்டில் மணிவாரியாக நீர்வரத்தும் வெளியேற்றமும் இருக்கும். எச்சரிக்கை எந்த நேரத்தில் யார் கையெழுத்தோடு யாருக்குப் போனது என்பதும் இருக்கும். அது கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு எப்போது வந்தது, அங்கிருந்து வட்டாட்சியருக்கு எப்போது போனது, கிராம நிர்வாக அலுவலர் எத்தனை மணிக்குத் தண்டோரா போடச் சொன்னார்? இந்த மூன்று தாள்களையும் வெளியிட்டால் வாதம் முடிந்துவிடும். உயரதிகாரிகளிடம் எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததை அரசு நிரூபிக்கலாம். படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த மனிதனின் காதுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பதே நம் கேள்வி. மூட்டை முடிச்சுகளோடு கூரை மேல் ஏறி நின்றவர்களுக்கு இந்தப் பதிலைச் சொல்லாத அரசு, தான் எச்சரித்ததாகச் சொல்லிக்கொள்வதில் பயன் இல்லை.

2007இல் ஹைதராபாத்தில் அமைக்கப்பட்ட சுனாமி எச்சரிக்கை மையம், சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தால் சில நிமிடங்களில் கண்டுகொள்கிறது. சாத்தனூரில் மதகு திறந்த செய்தி கண்டக்காட்டுக்கு வந்து சேர அதைவிட நவீனமான கருவி எதுவும் தேவையில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ போதும். அதை ஓட்ட வேண்டியவர் யார், எந்த அளவு நீர் திறந்தால் ஓட்ட வேண்டும் என்ற விதி எழுதப்பட்டு ஊர்ச்சாவடியில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

சிதம்பரம் பக்கம் நிலைமை இன்னும் தெளிவானது. ஆகஸ்டு மாதத்தில் சிதம்பரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். கர்நாடகத்தில் பெய்த மழையில் மேட்டூர் நிரம்பும். காவிரிப் பாசனத்துக்குப் போக மிஞ்சிய நீரைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். கீழணையைத் தாண்டி வரும் அந்த நீர் ஜெயங்கொண்டபட்டினம், பெராம்பட்டு, கீழகுண்டலப்பாடி, திட்டுக்காட்டூர் வயல்களையும் வீடுகளையும் மூழ்கடிக்கும். 2018இல் இது நடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது இடிந்து விழுந்ததும் சேர்ந்துகொண்டது. 2022இலும் நடந்தது. ஒரு சொட்டு மழை இல்லாத ஊரில் வரும் வெள்ளத்துக்கு வானத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. அது முழுக்க முழுக்க மதகு, கரை, கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம். எந்த நாளில் எவ்வளவு நீர் வரும் என்பது மேட்டூரில் திறக்கும்போதே தெரிந்துவிடுகிறது. இருந்தும் படகு வைத்து மீட்பதுதான் ஒவ்வொரு முறையும் அரசின் சாதனையாகக் காட்டப்படுகிறது.

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வலுவிழந்து மன்னார் வளைகுடாவை ஒட்டி நின்றபோது சிதம்பரத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் தேங்கி நின்ற படங்களை நாடே பார்த்தது. கோயிலைப் பார்த்தவர்கள் பாசிமுத்தான் ஓடையையும் கான்சாகிப் வாய்க்காலையும் பார்த்தார்களா? நகரத்துத் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய வழிகள் அவை. அவற்றில் ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்துக் கிடந்தால் தண்ணீர் பெருமாள் வீட்டுக்கும் போகும், பிள்ளையார் வீட்டுக்கும் போகும், நம் வீட்டுக்கும் வரும். வீராணத்தின் கதையும் இதுவே. சோழர் வெட்டிய அந்த ஏரி சென்னைக்குக் குடிநீர் தருவதால் அதில் நீர் நிரப்புவதில் காட்டும் அக்கறை, அதன் வண்டலை எடுப்பதில் இல்லை. செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் காட்டாற்று நீரைக் கொண்டுவந்து கொட்டும்போது வெள்ளியங்கால் ஓடை திறக்கப்படும். காட்டுமன்னார்கோயில், குமராட்சி பக்கத்து நெல் அழுகும்.

நெய்வேலியைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்து வெள்ளத்தைப் பேச முடியாது. அங்குள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஆண்டு முழுதும் இறைக்கப்படும் நீர் பரவனாற்றில் விழுகிறது. தோண்டிக் குவித்த மண் மலையாக நிற்கிறது. அந்த மண்ணும் நீரும் கீழே இருக்கும் ஓடைகளையும் பெருமாள் ஏரியையும் என்ன செய்கின்றன என்பது விவசாயிகளுக்குக் கண்கூடு. சுரங்கத்துக்காகப் பரவனாற்றின் பாதையையே மாற்ற 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட நெல்லின் நடுவே பொக்லைன் இறங்கியதையும் இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2015இல் பெய்த மழையோடு சுரங்க நீர் எவ்வளவு கலந்தது என்ற கேள்விக்குச் சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் பதில் எதுவாக இருந்தாலும், இறைப்பு அளவுப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அதைச் சொல்லட்டும். பொதுத்துறை நிறுவனத்தின் பதிவேடு பொதுமக்களின் சொத்து. அந்த நிறுவனத்தின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று கொதிகலன் வெடித்தது. இரண்டு மாதம் தாண்டுவதற்குள், ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் மறுபடி வெடித்து அன்றே ஆறு தொழிலாளர்கள் கருகினார்கள். சிகிச்சையில் இருந்தவர்கள் பிறகு ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். முதல் வெடிப்பின் காரணத்தைக் கண்டு திருத்தியிருந்தால் இரண்டாவது நடந்திருக்குமா?

கடலூர் சிப்காட்டைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள் பலர். நாட்டின் மிக மோசமாக மாசடைந்த 43 தொழிற்பகுதிகளில் ஒன்று என்று 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கடலூரைச் சேர்த்தது. 2021 மே 13 அன்று அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் ஒரு சாயக் கழிவுநீர்த் தொட்டி உடைந்து குடிகாட்டு வீடுகளுக்குள் பாய்ந்தது. போபாலுக்குப் பிறகு, 1989இல் எழுதப்பட்ட அபாயகர வேதிப்பொருள் விதிகள், விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதை ஆலையைச் சுற்றி வாழும் மக்களுக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்கின்றன. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, சங்கொலிக்குப்பம் மக்களில் எத்தனை பேருக்கு, சங்கு ஊதினால் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று தெரியும்? ஆட்சியர் ஒரு நாள் அங்கே நேரில் போய் நாலு வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும்.

முடியாததை நாம் கேட்கவில்லை என்பதற்கு ஒடிசா சாட்சி. 1999 அக்டோபரில் வந்த பெரும்புயல் அங்கே சுமார் பத்தாயிரம் பேரைக் கொன்றது. அதே ஆண்டில் அந்த மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கென்று தனி அமைப்பை உருவாக்கியது. புகலிடங்கள் கட்டினார்கள், ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியலோடு ஆட்களைத் தயார் செய்தார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சத்துக்கு அருகில் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் ஐம்பதைத் தாண்டவில்லை. ஒடிசா கடலைக் கட்டிப்போடவில்லை. ஏன் செத்தார்கள் என்று எழுதிப் படித்தது. கடலூரிலேயேகூட, சுனாமிக்குப் பிறகு ஆட்சியராக இருந்த ககன்தீப் சிங் பேடி நடத்திய நிவாரணப் பணி நல்ல பெயர் எடுத்தது. 2015 வெள்ளத்தின்போது அவரையே மறுபடி அனுப்பும் அளவுக்கு எடுத்தது. நல்ல அதிகாரி கிடைத்தால் பிழைப்போம், கிடைக்காவிட்டால் மூழ்குவோம் என்று ஒரு மாவட்டத்தை விடலாமா? அவர் கற்றதை விதியாக எழுதி வைத்திருந்தால் யார் வந்தாலும் அது ஓடியிருக்கும்.

ஆகவே தமிழக அரசு இதைச் செய்தாக வேண்டும். 2015 நவம்பர் வெள்ளத்தையும் 2024 டிசம்பர் வெள்ளத்தையும் பற்றி, சென்னைக்கு நடந்தது போன்ற சுதந்திரமான தணிக்கை கடலூர் மாவட்டத்துக்கு நடக்க வேண்டும்; பெரியகாட்டுப்பாளையத்தின் பத்துச் சாவுகள் அதன் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். சாத்தனூர், மேட்டூர், கீழணை, வீராணம் ஆகியவற்றின் திறப்புப் பதிவேடுகளும், நெய்வேலிச் சுரங்கத்தின் நீர் வெளியேற்றப் பதிவேடும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். மாவட்டப் பேரிடர்த் திட்டம் தமிழில், ஊர் ஊராக, கிராமசபையில் படிக்கப்பட வேண்டும். இனி நிகழும் ஒவ்வொரு பேரிடரின் அறிக்கையிலும், நிவாரணத் தொகைக்கு முன்னால் காரணமும் பொறுப்பான துறையின் பெயரும் எழுதப்பட வேண்டும். வெறும் கனமழை என்று எழுதி அனுப்பப்படும் அறிக்கையை வருவாய்த் துறை திருப்பி அனுப்ப வேண்டும்.

கிராமசபைகளில் உட்காரும் மக்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் ஊர் ஓடையின் அகலம் அந்தக் காலத்தில் என்ன, இப்போது என்ன என்று தீர்மானமாக எழுதுங்கள். எச்சரிக்கை வந்த நேரத்தையும் தண்ணீர் வந்த நேரத்தையும் எழுதி வையுங்கள். நாளை விசாரணை வந்தால் முதல் சாட்சி அதுதான்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் தொடங்குகிறது. அரசுக்கு இருக்கும் அவகாசம் அதுவரைதான்.